கடல் இல்லாத ஊருக்கும் பாய்மரப் படகு எட்டும்! நேத்ரா குமணன் கதையில் சேலம், நாமக்கல்லுக்கு ஒரு பாடம்

சேலம்:

"தண்ணிப் பக்கம் போகாத கண்ணு..."

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இந்த வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. கிணறு, கல்குவாரி குட்டை, காவிரி என்று எங்கே பார்த்தாலும் ஆபத்து. கோடை விடுமுறை வந்தாலே ஏதாவது ஒரு கிராமத்தில் இருந்து துக்கச் செய்தி வருகிறது. ஆடிப்பெருக்கு அன்று மேட்டூர், ஜேடர்பாளையம், மோகனூர் கரைகளில் போலீசார் மைக் பிடித்து எச்சரிக்கிறார்கள். பெற்றவர்கள் பயப்படுவதில் தப்பே இல்லை.

அதே தமிழ்நாட்டில் ஒரு பெண், தனியாக ஒரு சின்னப் படகில் ஏறி, பாயை விரித்து, காற்றை மட்டுமே நம்பி கடலுக்குள் போனார். போனவர் ஒலிம்பிக் வரைக்கும் போய்விட்டார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை!

அவர்தான் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன். ஒலிம்பிக் பாய்மரப் படகு போட்டிக்கு தகுதி பெற்ற முதல் இந்திய பெண்.

"அது கடற்கரைக்காரங்க சமாச்சாரம், வசதி உள்ளவங்க விளையாட்டு. நமக்கு எதுக்குங்க?" என்று கேட்கலாம். வசதி விஷயத்தில் அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் கடல் விஷயத்தில் அது சரியில்லை. ஏன் என்று பார்ப்போம்.

கோடை முகாமில் தொடங்கியது

நேத்ரா பிறந்தது 1997 ஆகஸ்டு 21. நம்ம மேட்டூர் அணை திறக்கப்பட்டதும் 1934-ல் இதே ஆகஸ்டு 21-ம் தேதிதான். தற்செயல்தான், ஆனாலும் சொல்லி வைப்போம்.

சின்ன வயதில் பரதநாட்டியம், டென்னிஸ், கூடைப்பந்து, சைக்கிள் என்று எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தவர் அவர். 2009-ம் ஆண்டு கோடை விடுமுறையில் தமிழ்நாடு பாய்மரப் படகு சங்கம் நடத்திய பயிற்சி முகாமுக்கு போனார். அப்போது 12 வயது கூட நிரம்பவில்லை. மற்ற விளையாட்டெல்லாம் ஒவ்வொன்றாக பின்னால் போக, படகு மட்டும் நின்றுவிட்டது.

குழந்தைகள் பழகும் படகுக்கு 'ஆப்டிமிஸ்ட்' என்று பெயர். நீளம் ஏழரை அடி. ஏறக்குறைய நம்ம ஒகேனக்கல் பரிசல் அளவுதான். அதில் பழகி, பிறகு பெரிய படகுக்கு மாறினார் நேத்ரா.

2014-ல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டு போட்டியில் இந்தியாவுக்காக களம் இறங்கியபோது அவருக்கு வயது 17. அடுத்து 2018-ல் ஜகார்த்தா ஆசிய போட்டி. இடையில் எஸ்.ஆர்.எம். கல்லூரியில் என்ஜினீயரிங் படிப்பு. இரண்டு ஆசிய போட்டியிலும் பதக்கம் வரவில்லை. பலர் இந்த இடத்தில்தான் விளையாட்டை மூட்டை கட்டிவிட்டு வேலைக்கு போய்விடுவார்கள். நேத்ரா போகவில்லை.

ஸ்பெயின் நாட்டுக்கு சொந்தமான கிரான் கனேரியா என்ற தீவுக்கு போய் பயிற்சி எடுத்தார். ஆப்பிரிக்கா பக்கம் அட்லாண்டிக் கடலில் இருக்கும் தீவு அது. வருஷம் முழுக்க காற்று அடிக்கும். ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த தமாஸ் எஸ்ஸஸ் அவருக்கு பயிற்சியாளர். அவரும் ஒலிம்பிக்கில் படகு ஓட்டியவர்.

அதற்கு பலன் கிடைத்தது. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் மியாமியில் நடந்த உலகக் கோப்பை போட்டியில் வெண்கலப் பதக்கம். உலகக் கோப்பை பாய்மரப் படகு போட்டியில் பதக்கம் வாங்கிய முதல் இந்திய பெண் அவர்தான்.

முசானாவில் எழுதிய சரித்திரம்

2021 ஏப்ரல். ஓமன் நாட்டின் முசானா. டோக்கியோ ஒலிம்பிக்குக்கான ஆசிய தகுதிச் சுற்று. கடைசி பந்தயம் நடப்பதற்கு முந்தைய நாளே, அதாவது ஏப்ரல் 7-ம் தேதியே, நேத்ராவின் ஒலிம்பிக் இடம் உறுதியாகிவிட்டது. யாரும் எட்டிப் பிடிக்க முடியாத அளவுக்கு முன்னிலை. அவருக்கு அடுத்தபடியாக நின்றவரும் ஒரு இந்திய பெண்தான் என்பது கூடுதல் சந்தோஷம்.

அடுத்த நாள் இன்னொரு நல்ல செய்தி. ஆண்கள் பிரிவில் விஷ்ணு சரவணன், இரட்டையர் பிரிவில் கே.சி.கணபதி - வருண் தக்கர் ஜோடியும் தகுதி பெற்றார்கள். டோக்கியோவில் இந்தியா மூன்று பாய்மரப் பிரிவுகளில் கலந்து கொண்டது. அதற்கு முன் எந்த ஒலிம்பிக்கிலும் ஒரு பிரிவுக்கு மேல் இந்தியா இறங்கியது இல்லை. போனவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள்!

டோக்கியோவில் நேத்ரா 44 பேரில் 35-வது இடம் பிடித்தார். "அவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்கியவர்களும் உண்டு.

அடுத்து 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு. அங்கேயும் பதக்கம் இல்லை. 2024 பாரீஸ் ஒலிம்பிக் வாய்ப்பு கையை விட்டு போகும் நிலை. ஏப்ரலில் பிரான்சில் நடந்த கடைசி வாய்ப்பு போட்டியில் போராடி, படகு விளையாட்டில் வளர்ந்து வரும் நாடுகளுக்கு ஒதுக்கிய இடத்தை தட்டித் தூக்கினார். பாரீஸ் ஒலிம்பிக்கின் படகு போட்டிகள் மார்செய் நகர கடலில் நடந்தன. அதில் 43 பேரில் 21-வது இடம்.

35-ல் இருந்து 21. மூன்று வருஷத்தில் 14 இடம் முன்னேற்றம். தொலைக்காட்சியில் பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்தால் இந்த முன்னேற்றம் கண்ணுக்கு தெரியாது.

அப்படி என்ன கஷ்டம் இந்த விளையாட்டில்?

நேத்ரா ஓட்டும் படகுக்கு முன்பு 'லேசர் ரேடியல்' என்று பெயர், இப்போது 'ஐ.எல்.சி.ஏ. 6'. நீளம் 14 அடிக்கும் கொஞ்சம் குறைவு. வெறும் கூடு மட்டும் 59 கிலோ. ஒரே ஒரு பாய். ஒரே ஒரு ஆள். மோட்டார் கிடையாது, துடுப்பு கிடையாது.

எல்லாருக்கும் ஒரே மாதிரி படகு, ஒரே அளவு பாய். அதனால் "அவங்க படகு நல்ல படகு" என்று சாக்கு சொல்ல முடியாது. ஜெயிப்பதும் தோற்பதும் ஓட்டுகிறவர் கையில்.

எதிர்காற்றில் பாய்மரப் படகு நேராக போகாது. கொல்லிமலைக்கு பஸ்சில் போயிருக்கிறீர்களா? 70 கொண்டை ஊசி வளைவு. நேராக ஏற முடியாத மலையை வளைந்து வளைந்து ஏறுகிறோம் இல்லையா? அதே மாதிரிதான் இதுவும். காற்றுக்கு குறுக்கே இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்து முன்னேற வேண்டும். எந்த இடத்தில் திரும்புவது என்பதில்தான் சூட்சுமம். ஒரு வளைவு தப்பாகப் போனால் பத்து படகு முந்திவிடும். மலைப்பாதையாவது இடம் மாறாது, காற்று நிமிஷத்துக்கு ஒரு திசை மாறும்.

அடுத்தது எடை. லாரியில் லோடு ஒரு பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று நாமக்கல் டிரைவர்களுக்கு சொல்லத் தேவையில்லை. பாயில் காற்று மோதும்போது படகு ஒரு பக்கமாக கவிழப் பார்க்கும். அதை நிமிர்த்த படகு ஓட்டுகிறவர் விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் பட்டையில் காலை மாட்டி, முதுகு தண்ணீரைத் தொடுகிற மாதிரி உடம்பை வெளியே சாய்க்க வேண்டும். ஒரு பந்தயம் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். தொடையும் வயிறும் கதறிவிடும். ஒரே நாளில் இரண்டு மூன்று பந்தயம் கூட இருக்கும்.

புள்ளிக் கணக்கும் தலைகீழ். முதலில் வந்தவருக்கு 1 புள்ளி, பத்தாவது வந்தவருக்கு 10 புள்ளி. கடைசியில் யாருக்கு புள்ளி குறைவோ அவரே வெற்றியாளர். ஆக ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் ஜெயித்து பிரயோஜனம் இல்லை. வாரம் முழுக்க தொடர்ந்து நன்றாக ஓட்ட வேண்டும்.

மாரியப்பன் வேறு, நேத்ரா வேறு

சேலம் மாவட்டத்துக்கு சாதனையாளர்கள் புதுசு அல்ல. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் (2016), டோக்கியோவில் வெள்ளி, பாரீசில் வெண்கலம் என்று மூன்று நிறப் பதக்கமும் வாங்கி வந்தார். அவரது அம்மா காய்கறி விற்று குடும்பத்தை காப்பாற்றியவர். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் தொடங்கி இந்திய அணிக்கே பந்து வீசினார்.

இவர்கள் கதையைக் கேட்டு நம்ம பிள்ளைகள் ஓடுகிறார்கள், தாண்டுகிறார்கள், பந்து வீசுகிறார்கள். நல்ல விஷயம். ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் பள்ளிக்கூட மைதானமும் ஒரு நல்ல பி.டி. வாத்தியாரும் இருந்தால் தொடங்கிவிடலாம். கிரிக்கெட்டுக்கு ஒரு மட்டை, ஒரு பந்து போதும். மேலே போகப் போகத்தான் செலவு.

பாய்மரப் படகு அப்படி இல்லை. முதல் நாளே படகு வேண்டும், பாய் வேண்டும், உயிர் காக்கும் ஜாக்கெட் வேண்டும், கூடவே வர மோட்டார் படகில் பயிற்சியாளர் வேண்டும். கொஞ்சம் தேறிய பிறகு வெளிநாட்டு போட்டி. விமான டிக்கெட், அங்கே படகு வாடகை, தங்கும் செலவு. நேத்ராவின் அப்பா கம்ப்யூட்டர் சாப்ட்வேர் நிறுவனம் நடத்துபவர். குடும்பம் ஆரம்பத்தில் தோள் கொடுத்தது. பிறகுதான் மத்திய அரசின் 'டாப்ஸ்' திட்டம் கை கொடுத்தது.

இதை குறையாகச் சொல்லவில்லை. அந்தக் குடும்பம் துணிந்து நின்றதால்தான் இந்தியாவுக்கு ஒரு நேத்ரா கிடைத்தார். அவரும் வசதியான வாழ்க்கையை விட்டுவிட்டு வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் வருஷக்கணக்கில் கிடந்தவர்தான். ஆனால் தறிப்பட்டறையில் ஓடும் குடும்பம், லாரி பட்டறையில் வெல்டிங் வைக்கும் குடும்பம், கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கும் குடும்பம்... இவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு அதே திறமை இருந்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

மூன்று வாசல்

இந்தியாவில் இந்த விளையாட்டுக்குள் நுழைய மூன்று வாசல் இருக்கிறது.

முதல் வாசல், குடும்ப வசதி. நேத்ரா அந்த வழியில் தொடங்கியவர்.

இரண்டாவது வாசல், ராணுவம். விஷ்ணு சரவணனைப் பாருங்கள். பிறந்தது வேலூர். அங்கே கடலா இருக்கிறது? அவருடைய அப்பா ராணுவத்தில் இருந்த படகு வீரர். மகனும் ராணுவத்தில் சேர்ந்தார். படகும் பயிற்சியும் ராணுவமே கொடுத்தது. ஹாங்சோ ஆசிய போட்டியில் வெண்கலம், டோக்கியோ ஒலிம்பிக்கில் 20-வது இடம், பாரீசில் 18-வது இடம். ஆனால் காலங்காலமாக இந்த வாசல் ஆண் பிள்ளைகளுக்கே திறந்து கிடந்தது.

மூன்றாவது வாசல்தான் நாம் கவனிக்க வேண்டியது. அது மாநில அரசு.

மத்திய பிரதேச மாநிலத்துக்கு கடற்கரையே கிடையாது. ஆனால் தலைநகர் போபாலில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அந்த ஏரியில் படகுகளை இறக்கி, பயிற்சியாளர்களை வைத்து, பிள்ளைகளைச் சேர்த்து பயிற்சி கொடுக்கிறார்கள்.

பலன்? அந்த மாநிலத்தைச் சேர்ந்த ஹர்ஷிதா தோமர் 2018 ஆசிய விளையாட்டில் 16 வயதில் வெண்கலம் வாங்கினார். ஹாங்சோவில் நேத்ராவுக்கு பதக்கம் கிடைக்காமல் போன அதே போட்டியில், இளம்பெண்கள் பிரிவில் 17 வயது நேஹா தாக்கூர் வெள்ளி வென்றார். நேஹா, தேவாஸ் மாவட்டம் அம்லாதாஜ் கிராமத்து விவசாயி மகள்!

கடலையே பார்க்காத ஊரில் இருந்து இரண்டு பெண் பிள்ளைகள் ஆசிய பதக்கத்தோடு திரும்பி வந்திருக்கிறார்கள். ஆந்திராவும் தெலுங்கானாவும் ஒன்றாக இருந்த காலத்தில் இருந்தே ஐதராபாத் உசேன்சாகர் ஏரியில் பாய்மரப் படகுகள் ஓடுகின்றன. அங்கே ஒரு கிளப், ஏழைக் குடும்பத்து பிள்ளைகளைத் தேடிப் பிடித்து பயிற்சி கொடுக்கிறது.

போபாலுக்கு ஏரி, நமக்கு மேட்டூர்

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

போபால் பெரிய ஏரியின் பரப்பு சுமார் 31 சதுர கிலோ மீட்டர். மேட்டூர் அணை 120 அடி நிரம்பி நின்றால் நீர் விரியும் பரப்பு சுமார் 59 சதுர மைல், அதாவது 150 சதுர கிலோ மீட்டருக்கு மேல். போபால் ஏரியைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு! காற்றுக்கும் பஞ்சம் இல்லை. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்று சொன்னது சும்மா இல்லை.

சிக்கல் இல்லாமல் இல்லை. மேட்டூரில் தண்ணீர் வருஷம் முழுக்க ஒரே மட்டத்தில் நிற்காது. ஜூனில் டெல்டா பாசனத்துக்கு திறப்பார்கள், மழை பொய்த்த வருஷம் மட்டம் சரசரவென்று இறங்கும். பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தி சிலை தலை காட்டினால் தண்ணீர் குறைந்துவிட்டது என்று ஊரே புரிந்து கொள்ளும். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய கட்டிடங்களும் படகுக்கு ஆபத்து. அணைக்கு பக்கத்தில் பாதுகாப்பு கட்டுப்பாடு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தண்ணீரை நம்பி வலை வீசும் மீனவர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பிழைப்பில் மண் விழக் கூடாது.

இதெல்லாம் தீர்க்க முடியாத சிக்கல் அல்ல. பண்ணவாடி - நாகமரை இடையே படகில் பயணிகள் போய் வருகிறார்கள். பரிசல் ஓட்டும் பிள்ளைகளுக்கு காற்றும் நீரும் அத்துப்படி. அந்த மீனவர் வீட்டுப் பெண்களில் இருந்தே முதல் அணியைத் தேர்வு செய்யலாமே? தண்ணீர் இறங்கும் மாதங்களில் நீச்சல், உடற்பயிற்சி, கடலோரத்தில் ஒரு முகாம் என்று திட்டம் போடலாமே?

தமிழக அரசும் சும்மா இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் தரத்தில் நீர் விளையாட்டு அகாடமி அமைப்பதாக அறிவித்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் மேட்டூர் கொளத்தூரில் இருந்தோ பரமத்தி வேலூரில் இருந்தோ ஒரு கூலித்தொழிலாளி தன் 10 வயது பெண்ணை ராமநாதபுரத்துக்கு அனுப்புவாரா? பிள்ளைக்கு இதில் திறமை இருக்கிறது என்று தெரிந்தால்தானே அனுப்புவார்? அதைக் கண்டுபிடிக்க ஊருக்கு பக்கத்தில் ஒரு இடம் வேண்டும். நேத்ராவுக்கு அந்த இடம் ஒரு கோடை முகாம்தான்.

முதலில் நீச்சல்

ஒலிம்பிக் பதக்கம் எல்லாருக்கும் கிடைக்காது. மேட்டூரில் 100 பிள்ளைகள் படகு பழகினால் 99 பேர் எந்த பதக்கமும் வாங்காமல் வேறு வேலைக்கு போவார்கள். அதனால் என்ன நஷ்டம்? அந்த 99 பேருக்கும் நீச்சல் தெரிந்திருக்கும். ஜாக்கெட் போடாமல் படகில் ஏறக்கூடாது என்று தெரிந்திருக்கும். கவிழ்ந்த படகை நிமிர்த்தவும், தண்ணீரில் தத்தளிப்பவரை கரை சேர்க்கவும் தெரிந்திருக்கும். ஆண்டுதோறும் பிள்ளைகளைத் தண்ணீருக்கு பறிகொடுக்கும் மாவட்டங்களுக்கு இது பதக்கத்தை விட பெரிய லாபம்.

அதிலும் பெண் பிள்ளைகளுக்கு. பையன்களாவது வீட்டுக்கு தெரியாமல் கிணற்றில் குதித்து நீச்சல் பழகிவிடுகிறார்கள். பெண்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு நீச்சல்?" என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

இந்தக் கேள்விக்குத்தான் நேத்ரா பதில். இரண்டு ஒலிம்பிக்கிலும் அவர் பதக்கம் வாங்கவில்லை. ஆனால் 'இந்திய பெண்ணால் அந்தக் கோட்டைத் தொட முடியாது' என்ற பேச்சை 2021-லேயே முடித்து வைத்துவிட்டார். 35-வது இடம் 21-வது இடமானது. இனி வரும் பெண் அந்த 21-ல் இருந்து கணக்கை தொடங்கலாம்.

2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். அதற்குள் மேட்டூரில் இருந்து ஒரு வீராங்கனை வருவது நடக்காத காரியம். ஆனால் 2036-க்கு? இன்று மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணுக்கு அப்போது ஒலிம்பிக் வயது வந்திருக்கும்.

தண்ணீர் இருக்கிறது, காற்று இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்து சின்னப் படகு, இரண்டு பயிற்சியாளர், பிள்ளைக்கு ஒரு ஜாக்கெட்... தொடங்குவதற்கு இவ்வளவுதான் தேவை. விளையாட்டுத் துறையும், சேலம், நாமக்கல் எம்.பி., எம்.எல்.ஏ.க்களும் ஒரு தடவை போபால் போய் அந்த ஏரிக்கரையில் நின்று பார்த்துவிட்டு வரட்டும்.

"தண்ணிப் பக்கம் போகாத கண்ணு" என்று சொல்லும் அம்மா, "ஜாக்கெட்டை போட்டுக்கிட்டு போ கண்ணு" என்று சொல்லும் காலம் வர வேண்டும்.